பதினேழு கோழியும் ஒரு சாண் பள்ளமும்

கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள். ராத்திரி முழுக்க விட்டு விட்டு மழை. விடியற்காலை ஐந்தரை மணிக்கு அம்மா போட்ட சத்தத்தில்தான் எழுந்தேன். கொல்லைக்கு ஓடினால், கோழிக்கூண்டுக்குள் டார்ச்சைப் பிடித்தபடி அம்மா நின்றுகொண்டிருந்தார். தரை முழுக்க இறகு. நனைந்த இறகு காலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

முந்தின நாள் சாயங்காலம் 26 உருப்படி அடைத்திருந்தோம். எண்ணிப் பார்த்தபோது 14 செத்துக் கிடந்தன, மூன்றைக் காணோம். ஒன்பது உயிரோடு இருந்தன. அதில் நாலு கூரை வாரையில் ஏறி உட்கார்ந்திருந்தன. மற்ற ஐந்தும் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தன. பெரிய சேவல் வாசலுக்கு நேரே விழுந்து கிடந்தது. சண்டை போட்டிருக்கும் என்று அம்மா இன்றைக்கும் சொல்கிறார். எனக்கு அது தெரியாது. ஆனால் அதன் கழுத்து இறகு மட்டும் ஒரு கூடை அளவுக்குச் சிதறிக் கிடந்தது உண்மை.

எங்கள் வீடு புதுக்கோட்டை மாவட்டத்தில், இலுப்பூர்ப் பக்கம். மானாவாரி பூமி. ஒரு பக்கம் கண்மாய், இன்னொரு பக்கம் தைலமரக் காடு, நடுவில் நாலைந்து தோட்டத்து வீடுகள். கூண்டு வீட்டிலிருந்து நாற்பது அடி தள்ளி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. மேலே தகரம், சுற்றிலும் கோழிவலை, கீழே மண் தரை. தகரத்தில் மழை விழுகிற இரைச்சலில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நாய் மணி திண்ணையை விட்டு இறங்கவே இல்லை. காலையில் வாலை ஆட்டிக்கொண்டு கஞ்சிக்கு வந்து நின்றது.

"நரிதான், வேற எது?" என்றார் பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா. வந்து பார்த்த எட்டுப் பேரும் அதையேதான் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. ஆனால் சரியான விடையைச் சொன்ன அத்தனை பேரும் தப்பான காரணத்துக்காகச் சொன்னார்கள், நான் உட்பட. என்ன நடந்தது என்பதை இவ்வளவு விரிவாக எழுத அதுதான் காரணம்.

முன்கதை

இதற்கு இரண்டு வாரம் முன்பு ஒரு பெட்டை 11 குஞ்சு பொரித்து இறக்கியது. ஒன்பது நாளில் அது நாலாகக் குறைந்தது. அப்போதும் "நரி தூக்குது" என்றுதான் ஊரே சொன்னது. நானும் நம்பினேன். உடனே கூண்டு வாசலுக்கு இரண்டாவது தாழ்ப்பாள் போட்டேன், மாட்டுக்கொட்டகைத் தூணில் ஒரு குண்டு பல்பு மாட்டினேன், காரியம் முடிந்தது என்று இருந்துவிட்டேன்.

குஞ்சுகள் காணாமல் போனது பகலில், காலை ஒன்பது மணிக்கும் பதினொன்றுக்கும் நடுவில். அந்த நேரத்தில் ஆள் நடமாடுகிற முற்றத்துக்கு நரி வந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் போவது அபூர்வம். இறகும் கிடக்கவில்லை, ரத்தமும் இல்லை. பெட்டை மட்டும் ஒரு தடவை வைக்கோல் போரைப் பார்த்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறியது. அதை அம்மா பார்த்திருக்கிறார், என்னிடமும் சொன்னார், நான்தான் காதில் வாங்கவில்லை. போருக்கு அடியில் கீரி குடும்பமே குடியிருந்தது என்பது பிறகு கேமரா வைத்தபோதுதான் தெரிந்தது. ஏழில் ஒன்றிரண்டை வல்லூறும் தூக்கியிருக்கலாம். வேலி மரத்தில் அது உட்காருவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஆக, கீரி செய்ததை நரி தலையில் போட்டேன். நரி வாசல் வழியாக வரும் என்று நினைத்து வாசலைப் பூட்டினேன். பகலில் வந்த திருடனுக்கு ராத்திரி விளக்கு வைத்தேன். கீரி என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் கூண்டின் அடிப்பக்கத்தைச் சுற்றிப் பார்த்திருப்பேன். கீரிக்குக் கீழே ஓட்டைதான் வழி. அப்படிப் பார்த்திருந்தால் கிழக்கு ஓரத்தில் வலை துருப்பிடித்து மண்ணை விட்டு இரண்டு விரல் மேலே தூக்கி நின்றது கண்ணில் பட்டிருக்கும்.

செத்ததைப் பார்த்துத் தெரிந்துகொள்வது

அன்று காலை கூட்டத்தை விலக்கிவிட்டு நான் செய்த ஒரே உருப்படியான வேலை, எதையும் அள்ளாமல் செல்போனில் படம் எடுத்தது. மழை நின்றிருந்தது, ஈர மண் எல்லாத் தடத்தையும் காப்பாற்றி வைத்திருந்தது.

14 கோழியில் பதினொன்றுக்குக் கடி கழுத்திலும் தோள்பட்டையிலும். இரண்டுக்குத் தலை இல்லை. ஒன்றுக்கு வெளியில் காயமே தெரியவில்லை, மூச்சு முட்டிச் செத்திருக்க வேண்டும். கோழிகள் பயந்து மூலையில் குவியும்போது அடியில் இருப்பது நசுங்கிவிடும். வயிறு கிழிக்கப்பட்டது ஒன்றுகூட இல்லை. கூண்டுக்குள் எதையும் உட்கார்ந்து தின்ற அடையாளமும் இல்லை.

தெருநாய் கோழியைக் கடித்தால் இப்படி இருக்காது. தொடை, முதுகு, இறக்கை என்று கிடைத்த இடத்தில் எல்லாம் கவ்வி உதறிப் போட்டிருக்கும். தின்பதைவிட விளையாடுவதுதான் அதிகம். மரநாய் வந்திருந்தால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் போகும், தலையையும் இரைப்பையையும் தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிட்டுப் போகும், அதுவும் கூரைப் பக்கமாக இறங்கும். காட்டுப்பூனை ஒன்றைக் கவ்விக்கொண்டு கிளம்பிவிடும். பாம்பு என்றால் குஞ்சும் முட்டையும்தான் போகும், இறகு உதிராது. இதெல்லாம் விதி கிடையாது. பசியும் சந்தர்ப்பமும் எல்லாவற்றையும் மாற்றும். ஒரே அடையாளத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பதற்காகத்தான் சொல்கிறேன்.

தீர்ப்பைச் சொன்னது தரைதான். கிழக்கு ஓரத்தில், வலை தூக்கி நின்ற இடத்தில், ஒரு சாண் அகலத்துக்கு மண் பறிக்கப்பட்டிருந்தது. பறித்த மண் வெளிப்பக்கமாகச் சரிந்து கிடந்தது. வலையின் அறுந்த நுனியில் சாம்பலும் செம்மண் நிறமும் கலந்த முரட்டு மயிர் கொஞ்சம் மாட்டியிருந்தது. அங்கிருந்து இறகுத் தடம் கற்றாழை வேலிவரை போனது.

வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். மதியம் ஒரு வனக்காப்பாளர் பைக்கில் வந்தார். அவர் கோழியைப் பார்க்கவே இல்லை. நேரே பள்ளத்துக்குப் போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"சார், இங்க வந்து பாருங்க. நாய்க்கால்னா விரல் நாலும் விரிஞ்சு வட்டமா இருக்கும். இது நீளமா, ஒடுக்கமா இருக்கா? அப்புறம் முன்னங்கால்ல நடு ரெண்டு விரலையும் பாருங்க."

நடு விரல் இரண்டின் மெத்தையும் பின்பக்கம் ஒட்டிக்கொண்டு ஒரே அச்சாகப் பதிந்திருந்தது. பொன்னிற நரியின் முன்காலுக்கு அதுதான் கையெழுத்து. நாய்க்கு அப்படி ஒட்டாது. இரண்டு அளவில் தடம் இருந்ததால் ஜோடியாக வந்திருக்கும் என்றார். ஆணும் பெண்ணும் சேர்ந்தே வாழ்ந்து சேர்ந்தே இரை தேடுகிற விலங்கு அது.

எந்த நரி?

நம் ஊரில் 'நரி' என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு விலங்கு இருக்கிறது. ஒன்று இந்தப் பொன்னிற நரி. எட்டு, பத்து கிலோ வரும், நாய், ஓநாய் வகையறா, ராத்திரியில் ஊளையிடுவது இதுதான். இன்னொன்று அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எடையே வருகிற சின்ன நரி. ஒல்லிக்கால், பெரிய காது, உடம்பில் பாதி நீளத்துக்கு மேல் புசுபுசுவென்று வால், வால் நுனி கறுப்பு. சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்குப் பிடித்து வந்து 'வங்காநரி ஜல்லிக்கட்டு' நடத்துவார்களே, அந்த நரி. குள்ளநரி என்ற பெயரைச் சில ஊரில் இதற்கும் சில ஊரில் அதற்கும் வைத்திருக்கிறார்கள். தந்திரக்காரக் கதைகளில் வருவது எது என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. சின்ன நரி பெரும்பாலும் கரையான், வண்டு, எலி, நண்டு, இலந்தைப்பழம் என்று தின்று பிழைக்கிறது. திறந்த புன்செய்க் காட்டில் வளை தோண்டிக் குட்டி போடும். கிடைத்தால் குஞ்சைத் தூக்கும், ஆனால் நாலு கிலோ சேவலோடு மல்லுக்கு நிற்கிற உடம்பு அதற்கு இல்லை. பெரிய நரி எதையும் தின்னும்: எலி, செத்த மாடு, கரும்பு, பழம், கறிக்கடைக் கழிவு, கோழி. இரண்டும் நரிதான் என்று நினைத்துக்கொண்டு வளையைத் தேடிப் புகை போடுகிறவர்கள் கொல்வது பெரும்பாலும் கோழிக்கூண்டுப் பக்கமே வராத சின்ன நரியை.

சட்டத்தில் இரண்டுக்கும் பாதுகாப்பு உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நரியைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். கீரிக்கும் மரநாய்க்கும் அதே சட்டம்தான். வங்காநரி ஜல்லிக்கட்டு நடத்துகிறவர்களுக்கு வனத்துறை அபராதம் போடுவதும் இதனால்தான்.

மூன்றுக்காகப் பதினான்கு

அம்மாவுக்கு ஆறவே இல்லாத விஷயம் இது. "பசிச்சா ஒண்ணத் தூக்கிட்டுப் போ, ரெண்டத் தூக்கிட்டுப் போ. எதுக்கு இத்தனையக் கொன்னு போடணும்? வெறிதானே?"

வெறி இல்லை. வேட்டை விலங்குக்குள் ஓடுகிற இரையைப் பிடிக்கிற முடுக்கம் ஒன்று, தின்கிற பசி இன்னொன்று. காட்டில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றதெல்லாம் பறந்துவிடும், அதனால் முடுக்கம் தானாக அடங்கும். கூண்டுக்குள் எதுவும் தப்பிப் போக முடியாது. கண் முன்னால் இறக்கை படபடத்துக்கொண்டே இருக்கிறவரை அதுவும் கடித்துக்கொண்டே இருக்கும்.

இதை முறையாக ஆராய்ந்தவர் ஹான்ஸ் குரூக் என்ற விலங்கியலாளர். 1972இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் இரண்டு சம்பவம் வருகிறது. இங்கிலாந்தின் ரேவன்கிளாஸ் கடற்கரையில் முட்டையிட்டு அடைகாத்த கடற்காக்கைகளைக் கும்மிருட்டான இரவுகளில் செந்நரிகள் கொத்துக் கொத்தாகக் கொன்றுபோட்டன, தின்றது கொஞ்சம்தான். ஆப்பிரிக்காவின் செரங்கெட்டிப் புல்வெளியில் ஒரே இரவில் கழுதைப்புலிக் கூட்டம் ஒன்று 82 சிறு மான்களைக் கொன்றது, அதிலும் பெரும்பகுதி தின்னப்படவே இல்லை. இரண்டிலும் பொதுவான ஒன்று இருட்டு. இரை ஓடாமல், பறக்காமல் அப்படியே கிடந்தது.

எங்கள் கூண்டிலும் அதேதான். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. பொழுது சாய்ந்தபின் கையால் தூக்கினால்கூடச் சத்தம் போடாமல் வரும், கோழி வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மழை இருட்டில், அதுவும் மின்சாரம் போய் என் குண்டு பல்பும் அணைந்திருந்த நேரத்தில், அவை உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கும். வாரையில் ஏறியிருந்த நாலுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. அதை அப்புறம் வேலைக்கு எடுத்துக்கொண்டோம்.

இன்னொன்றும் உண்டு. நரி வகையறா மிஞ்சியதை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் மண்ணில் புதைத்து வைத்துப் பிறகு வந்து தின்னும். மூன்று போயிருந்தது. மிச்சம் பதினான்கையும் தூக்குவதற்குள் விடிந்துவிட்டது, அவ்வளவுதான். நாம் அதை வெறி என்கிறோம், அதற்கு அது பாதியில் நின்றுபோன வேலை.

அந்த வேலையை முடிக்க மறுநாளும் வந்தது. அது முழுக்க என் தப்பு. செத்த கோழிகளைப் பள்ளம் தோண்டிப் புதைக்கச் சோம்பல்பட்டு, சாக்கில் அள்ளி வேலிக்கு அந்தப் பக்கம் கருவைப் புதரில் போட்டேன். காலையில் சாக்கு கிழிந்து கிடந்தது, ஆறு கோழியைக் காணோம். கூண்டைச் சுற்றிப் புதுத் தடம். அன்று ராத்திரி மிச்சம் ஒன்பதையும் மாட்டுக்கொட்டகையில் பஞ்சாரம் போட்டு மூடி வைத்திருந்ததால் தப்பித்தன. அதன்பிறகுதான் மூன்றடிப் பள்ளம் தோண்டிச் சுண்ணாம்பு தூவி மிச்சத்தைப் புதைத்தேன்.

யார் கூப்பிட்டது?

நரி எங்கள் கூண்டுக்கு எப்படி வந்து சேர்ந்தது என்று பின்னால் போய்ப் பார்த்தால் மூன்று விஷயம் நிற்கிறது.

ஆவணியில் எங்கள் மேற்குப் பக்கத்துத் தைலமரக் காட்டை வெட்டினார்கள். நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை வெட்டுகிற காடுதான். ஆனால் இந்தத் தடவை பெரிய துண்டாக ஒரே மூச்சில் போனது. பகலில் ஒதுங்கிக் கிடந்த இடம் போனதும் நரிகள் கண்மாய்க் கரைக் கருவைக்கு மாறின. புரட்டாசியிலிருந்தே ஊளை இந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அதை "மழை வரப் போகுது" என்று சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அடுத்தது கண்மாய்க் கரை. ரோட்டோரக் கறிக்கடைகளில் சேரும் கோழிக்கழிவைச் சாக்கில் கட்டி ராத்திரியோடு ராத்திரியாகக் கரையில் வீசிவிட்டுப் போகிறார்கள். குடலும் தலையும் இறகுமாக ஒரு நிரந்தரப் பந்தி. நாய்கள் அங்கேதான் பெருத்தன, நரிக்கும் கோழி வாசனை பழகியது அங்கேதான். மழையில் கரை ஓடி அந்தக் குவியல் அடித்துக்கொண்டு போன வாரத்தில்தான் எங்கள் கூண்டில் பள்ளம் பறிக்கப்பட்டது. இது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

மூன்றாவது நான். நாங்கள் வீட்டில் அறுக்கிற கோழியின் இறகையும் குடலையும் குப்பைக்குழியில் போடுவதும், அந்தக் குழி கூண்டிலிருந்து பதினைந்து அடியில் இருப்பதும், அதை மூடாமல் விடுவதும் என் பழக்கம். கண்மாயிலிருந்து குப்பைக்குழி, குழியிலிருந்து கூண்டு என்று வழி போட்டுக் கொடுத்தது போல இருந்தது.

விஷம் பற்றிய பேச்சு

நாலாம் நாள் சித்தப்பா ஒரு பொட்டலத்தோடு வந்தார். நெல்லுக்குப் போடுகிற குருணை மருந்து.

"தம்பி, ஒரு துண்டு கறியில வச்சு வேலியோரம் போட்டுரு. ரெண்டே நாள்ல சங்கதி முடிஞ்சுரும்."

"சித்தப்பா, நம்ம மணி தின்னா?"

"அதக் கட்டிப் போட்டுக்க."

"மயிலு?"

அவர் பதில் சொல்லவில்லை. நாலு வருடம் முன்பு அவர் தோட்டத்திலேயே எலிக்கு வைத்த மருந்தில் ஆறு மயில் செத்து, போலீஸ்வரை போய் அலைந்தவர் அவர். பொட்டலத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனார். அவுட்டுக்காய் வைக்கலாம் என்று வேறொருவர் சொன்னார். கறிக்குள் வெடியைப் பொதித்து வைப்பது. அதைக் கடித்த விலங்கு, அது நாயோ நரியோ பன்றியோ மாடோ, தாடை சிதறி நாள் கணக்கில் பட்டினி கிடந்து சாகும். அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்தினேன்.

நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்காகவே அது உதவாது. ஒரு ஜோடி இடத்தைக் காலி செய்தால் அடுத்த ஜோடி வந்து உட்காரும். தீனியும் ஓட்டையும் அப்படியேதானே இருக்கின்றன. போதாததற்கு இந்த நரிகள்தான் எங்கள் கடலைக் கொல்லையில் எலியை அடக்கி வைத்திருப்பவை.

திருத்தியது

கோழிவலை என்பது கோழி வெளியே போகாமல் இருப்பதற்கான வலை. எதுவும் உள்ளே வராமல் இருப்பதற்கானது இல்லை. அறுகோணக் கண்ணுள்ள அந்த மெல்லிய கம்பி மூன்று மழைக்காலத்தில் துருப்பிடித்துக் கையால் பிய்க்கிற பதத்துக்கு வந்துவிடும். இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், எனக்கு 19 கோழி (அன்று போன பதினேழும், பிறகு காயத்தில் செத்த இரண்டும்) செலவழித்துத்தான் தெரிந்தது.

கீழே மூன்றடிக்கு வெல்டு மெஷ் வைத்தோம், ஒரு அங்குலக் கண். அதைவிட முக்கியமான வேலை தரையில். மெஷ்ஷை அப்படியே நேராக மண்ணுக்குள் புதைக்காமல், தரைமட்டத்தில் வெளிப்பக்கமாக மடக்கி, இரண்டடி அகலத்துக்குப் பாவாடை மாதிரி விரித்து, மேலே நாலு விரல் மண்ணும் கல்லும் போட்டு மூடினோம். தோண்டுகிற விலங்கு சுவரை ஒட்டித்தான் தோண்டும். அங்கே கம்பி தட்டுப்படும். இரண்டடி பின்னால் போய்த் தோண்ட வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. எத்தனையோ நாடுகளில் கோழி வளர்ப்பவர்கள் செய்வது இதைத்தான், நம் ஊரில்தான் பார்த்ததில்லை.

உட்காரும் கழியை நாலரை அடிக்கு உயர்த்தினோம், அந்த நாலு கோழி கற்றுக்கொடுத்த பாடம். கழிக்கும் வலைக்கும் நடுவில் இரண்டடி இடைவெளி விட்டோம். குப்பைக்குழியைத் தோட்டத்தின் கடைசிக்கு மாற்றி மூடி போட்டோம். மெஷ், கம்பி, கொத்தனார் கூலி எல்லாம் சேர்த்து ₹7,400 ஆனது. செத்த கோழிகளைச் சந்தை விலைக்குப் போட்டால் அதைவிட அதிகம்.

வாசலுக்குத் தானே மூடுகிற கதவு போடலாமா என்று யோசித்தேன். பொழுது சாய்ந்து வெளிச்சம் குறைந்ததும் இறங்கிக்கொள்கிற கதவு அது. பிரான்ஸில், பிரிட்டனி பகுதியிலுள்ள ஒரு விவசாயப் பள்ளியின் பண்ணையில் 2019 மார்ச்சில் இப்படி ஒரு கதவு இறங்கியபோது இளம் நரி ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டது. உள்ளே சுமார் 3,000 கோழி. காலையில் மாணவர்கள் போய்ப் பார்த்தால் நரி மூலையில் செத்துக் கிடந்தது, கழுத்தில் கொத்துக் காயம். அம்மாவுக்கு இந்தச் செய்தியைப் படித்துக் காட்டினேன், இரண்டு தடவை படிக்கச் சொன்னார். எங்கள் ஏழு கோழிக்கு அந்தக் கதவு கட்டுப்படியாகாது என்று விட்டுவிட்டோம். ஆறே கால் மணிக்கு அம்மா சாத்துகிறார். கல்யாணம், கருமாதி என்று வெளியே போனால் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சாவி இருக்கிறது.

நாய் விஷயத்தில் எனக்கு இன்னும் ஆசை உண்டு. ஆஸ்திரேலியாவில் வார்ணம்பூல் என்ற ஊரை ஒட்டி மிடில் ஐலண்ட் என்றொரு சின்னத் தீவு. கடல் வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே போய் அங்கிருந்த குட்டிப் பெங்குவின்களைக் கொன்று தீர்த்தன. நூற்றுக்கணக்கில் இருந்த கூட்டம் 2005இல் பத்துக்கும் கீழே போனது. வழி சொன்னவர் அந்த ஊர்க் கோழிப் பண்ணைக்காரர். அவர் தம் கோழிகளுக்குக் காவல் வைத்திருந்த மாரெம்மா என்ற இத்தாலிய வெள்ளை நாயை 2006இல் தீவில் விட்டார்கள், பெங்குவின் மறுபடி பெருகியது. ஆனால் 2017இல் கடல் கொந்தளிப்பால் நாய்களைக் கொண்டுபோக முடியாத நாட்களில் நரி புகுந்து நூற்றுக்கு மேல் கொன்றது. காவல் இருந்தால்தான் காவல். நம் ராஜபாளையமும் கோம்பையும் வீட்டுக் காவலுக்குப் பேர்போனவை. ஆனால் காவல் நாயைக் குட்டியிலேயே கோழிகளோடு விட்டு வளர்க்க வேண்டும். வளர்ந்த நாயைக் கொண்டுவந்து விட்டால் முதல் கோழி அதற்குத்தான். மணியைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

பிழைத்தவை

காயம்பட்ட ஐந்துக்கும் கால்நடை மருந்தகத்தில் ஊசி போட்டோம். புண்ணைப் பெர்மாங்கனேட் தண்ணீரில் கழுவி, ஈ உட்காராமல் வேப்பெண்ணெய் தடவினோம். இரண்டு போய்விட்டன. ஒன்று அன்றைக்கே போயிருக்க வேண்டியது, இன்னொன்று மூன்றாம் நாள் எழுந்து தீனி எடுத்துவிட்டுப் படுத்தது, எழுந்திருக்கவில்லை. கோழியின் இறகுக்குள் கடி மறைந்துவிடும், தடவித்தான் பார்க்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். பிழைத்த ஏழும் ஐந்து வாரம் முட்டையிடவில்லை. பொழுது சாய்ந்தால் கூண்டுக்குள் போகாமல் முருங்கையில் ஏறின. தினமும் ஏணி போட்டு இறக்கி உள்ளே விட வேண்டியிருந்தது.

கூண்டைத் திருத்திய பிறகு நண்பர் ஒருவர் காட்டுக்குள் வைக்கிற தானியங்கிக் கேமராவை இரவல் கொடுத்தார். 34 ராத்திரி கிழக்கு ஓரத்தில் கட்டி வைத்தேன். தெருநாய் 19 ராத்திரி வந்திருந்தது. மரநாய் நாலு. காட்டுப்பூனை ஒன்று, வந்த வேகத்தில் போனது. விடிந்த பிறகு கீரி அநேகமாகத் தினமும். நரி ஆறே ராத்திரிதான். முதல் தடவை வந்தபோது பழைய பள்ளம் இருந்த அதே இடத்தில் நின்று பறித்திருக்கிறது. பதினொரு நிமிடம். கல்லைத் தள்ளி, மண்ணைத் தள்ளி, கம்பியில் நகம் பட்டதும் காலைத் தூக்கி நக்குகிறது. மூன்று நாள் கழித்து மறுபடி, நாலு நிமிடம். அப்புறம் வந்த நாலு தடவையும் தோண்டவில்லை. கூண்டை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுக் கடலைக் கொல்லைப் பக்கம் இறங்கிப் போனது.

கடைசிப் படம் தை மாதம் எடுத்தது, விடியற்காலை 4:10. நரி கேமராவுக்கு நேரே வந்து மூக்கை நீட்டிப் பார்க்கிறது. மீசை மயிர் எண்ணலாம் போலத் தெரிகிறது. எழுந்தவுடன் அம்மா என் செல்போனை வாங்கி அதைத்தான் முதலில் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"சரி, நரி முகத்துல முழிச்சாச்சு" என்றார். "இன்னிக்குச் சந்தை நாள்தானே? போயி பத்து வெடக்கோழியப் புடிச்சுட்டு வா."